முழங்கால் உயரச் சுவரில் ஒரு மாளிகையைப் பார்ப்பது எப்படி

பிரான்ஸின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் மோன்மொரன் என்ற கிராமத்தில் ஒரு பழைய வில்லா இருக்கிறது. ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வருகிற வில்லா இல்லை, ரோமானியர் ஆட்சியில் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதியின் அன்றைய பெயர்) நாட்டுப் பண்ணையார் குடும்பம் வாழ்ந்த மாளிகை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 4ஆம் நூற்றாண்டில் ஆடம்பரமாகத் திரும்பக் கட்டியது. சுமார் 200 அறைகள். தொல்லியலாளர் ஜார்ஜ் ஃபூவே 1947 முதல் 1960 வரை தோண்டி வெளியே கொண்டுவந்தார். ஆனால் போய் நின்றால் கண்ணில் படுவது முழங்கால் உயரச் சுவர்கள்தான், அதனால் கால் மணி நேரத்தில் சலித்துப்போய்க் கிளம்பிவிடத் தோன்றும்.

சுவரை விடுங்கள். முதலில் அடுப்பைத் தேடுங்கள்.

குளியல் பகுதிக்குப் போனால் சதுரச் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும். அவை அறைக்குள் நின்றவை இல்லை, தரைக்கு அடியில் நின்றவை. குளிக்கிறவர்கள் நடந்த தளம் இவற்றுக்கு மேலே இருந்தது, வெளிப்பக்க அடுப்பில் விறகு எரிய, சூடான காற்று இந்தத் தூண்களுக்கு நடுவே ஓடி, சுவருக்குள் பதித்த உள்ளே வெற்றிடம் உள்ள ஓடுகள் வழியாக மேலே ஏறும். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுவரில் ஒரு வளைவுத் திறப்பும் அதைச் சுற்றிக் கரியும் தெரிந்தால் அதுதான் அடுப்பு வாய். அதை ஒட்டியது வெந்நீர் அறை, அடுத்தது வெதுவெதுப்பான அறை, அடுப்புக்குத் தூரத்தில் குளிர்ந்த நீர்த் தொட்டி. விறகு போட்டவன் எந்தப் பக்கம் குனிந்து நின்றான் என்பதுகூடத் தெரிந்துவிடும், முதலாளி கண்ணில் படாத பக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தொட்டிகளின் உட்பூச்சையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும். சுண்ணாம்பில் ஓட்டுத்தூள் கலந்தது, நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே அதே சங்கதி, தண்ணீர் கசியாது.

அப்புறம் வாசலுக்குத் திரும்பி, விருந்தாளியைப் போல உள்ளே நடந்து வாருங்கள். அரைவட்ட முற்றம், அதன் ஓரத்தில் ஒரு சிறு கோயில், அதைத் தாண்டித் தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்கும் பின்னால் வீட்டாரின் அறைகள். யாரை எதுவரை உள்ளே விடலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

தரையின் அழகுதான் வேண்டும் என்றால் இங்கே நிற்காதீர்கள், ஜேர் மாவட்டத்தில் இருக்கும் செவியாக் என்ற இன்னொரு ரோமானிய வில்லாவுக்குப் போங்கள். சின்னச் சின்னக் கல் பதித்த மொசைக் தரை மட்டும் 600 சதுர மீட்டருக்கும் மேல்.

ஒரு விஷயம் மறந்துவிடக் கூடாது. இதெல்லாம் முதலாளி வீடு மட்டும்தான். களஞ்சியம், தொழுவம், வேலையாட்கள் இருப்பிடம் எல்லாம் தள்ளி இருந்தவை, பல வில்லாக்களில் அவை இன்னமும் வயலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. பிரான்ஸின் வடக்கே சோம் பகுதியில் ரோஜே அகாஷ் என்ற தொல்லியலாளர் குளிர்காலத்தில் விமானத்தில் பறந்து, உழுத வயலின் கருத்த மண்ணில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்த சுண்ணக்கல் அடித்தளங்களைப் படமெடுத்துத்தான் நூற்றுக்கணக்கான வில்லாக்களைக் கண்டுபிடித்தார்.

சுற்றுவட்டார வயல் வரப்பில் நடக்கும்போது ஓரம் தூக்கிய தட்டையான ஓட்டுத் துண்டு காலில் தட்டுப்பட்டால் அது ரோமானியக் கூரை ஓடாக இருக்கலாம். பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கிடக்கிற இடம்தான் கீழே கட்டடம் இருப்பதற்குத் தடயம். பழம்பொருள் தேடி மெட்டல் டிடெக்டரோடு அனுமதியில்லாமல் இறங்கினால் பிரான்ஸில் அது சட்டப்படி குற்றம்.