கல்லூரி நுண்கணிதத்தைப் படிக்கும் முறை

நுண்கணிதத் தேர்வில் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இயற்கணிதத்தில்தான் போகிறது. சங்கிலி விதியைப் பிழையின்றிக் கையாண்ட மாணவரே, அடுத்த வரியில் இரண்டு வர்க்கங்களின் கூடுதலுக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதிவிடுகிறார். ஆகவே பருவத்தின் தொடக்கத்திலேயே காரணிப்படுத்தல், பின்னங்கள், அடுக்குக்குறி விதிகள், மடக்கை, முக்கோணவியல் முற்றொருமைகள் ஆகியவற்றை எழுதிப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கோணங்களை ரேடியனில் எண்ணவும் பழக வேண்டும். சைன் சார்பின் வகைக்கெழு காஸ் என்பது ரேடியன் அளவில்தான் பொருந்தும்.

வகுப்புக்கு முன் அன்றைய பகுதியை ஒருமுறை மேலோட்டமாகப் படித்தால் போதும். உழைப்பு தேவைப்படுவது வகுப்புக்குப் பிறகுதான். தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிக்கும்போது எல்லாம் விளங்கியதாகத் தோன்றும். அந்த எண்ணத்தை நம்பாமல், புத்தகத்தை மூடிவிட்டு, அதே கணக்கை வெற்றுத்தாளில் முதல் வரியிலிருந்து எழுதிப் பாருங்கள். கை நின்றுபோகும் வரிதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

தொகையிடலில் கடினமானது, எந்த முறையைக் கையாள்வது என்று கண்டுகொள்வதே. எக்ஸ் காஸ்(எக்ஸ்²) என்ற கோவையில் எக்ஸ்²-க்கு வேறொரு மாறியைப் பிரதியிட்டால் சில வரிகளில் விடை வந்துவிடும். எக்ஸ் காஸ்(எக்ஸ்) என்பதற்குப் பகுதித் தொகையிடல் தேவை. வெறும் காஸ்(எக்ஸ்²) என்பதற்கோ அடிப்படைச் சார்புகளால் முடிவுறு வடிவில் எழுதத்தக்க தொகையீடே கிடையாது. பார்வைக்கு இவ்வளவு நெருக்கமான மூன்று கோவைகள் மூன்று வழிகளில் பிரிவதால், ஒரே பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை வரிசையாகச் செய்துகொண்டே போவது பயன் தராது. அந்தப் பாடத்தின் தலைப்பே முறையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து எடுத்து, தீர்க்கத் தொடங்கும் முன் எந்த முறை, ஏன் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். என் கருத்தில், இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வதற்கில்லை.

வரையறைகளையும் தேற்றங்களின் நிபந்தனைகளையும் எடுத்துக்காட்டோடு சேர்த்துப் படியுங்கள். தனிமதிப்புச் சார்பு, அதாவது |எக்ஸ்|, பூச்சியத்தில் தொடர்ச்சியானது, ஆனால் வகையிடத்தக்கதன்று. இந்த ஒன்றை வரைந்து பார்த்தவருக்குத் தொடர்ச்சிக்கும் வகையிடத்தக்க தன்மைக்கும் உள்ள வேறுபாடு மறக்காது. விகிதத்தின் எல்லையைக் காண, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிடும் லோபிதால் விதியும் அப்படியே. எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது (எக்ஸ்+2)/(எக்ஸ்+1) என்பதன் எல்லை 2. விகிதம் 0/0 வடிவிலோ முடிவிலி/முடிவிலி வடிவிலோ இருக்கிறதா என்று பாராமல் விதியைப் போட்டால் 1 என்ற தவறான விடை வரும்.

தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு வைத்து, தவறு கருத்திலா, இயற்கணிதத்திலா, கவனக்குறைவிலா என்று பக்கத்தில் குறித்து, சில நாட்கள் கழித்து விடையைப் பாராமல் மீண்டும் போடுங்கள். தேர்வு நெருங்கும்போது பழைய வினாத்தாள்களை முழு நேரக் கணக்கு வைத்து எழுதுங்கள். தேர்வறையில் தொகையிட்ட விடையை வகையிட்டுச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கான நேரத்தை முன்பே ஒதுக்கி வையுங்கள்.