வெளிநாட்டுக் குடியேற்றம்: எந்தத் தாளை எப்போது வாங்குவது

வெளிநாட்டில் குடியேற நினைக்கும் பலர் முதல் வேலையாக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் நன்றாக வந்தால் ஒரு தெம்பு. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் இடறுகிறது. கனடாவின் கணக்கில் அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 வருஷம். பட்ட மதிப்பீட்டுக்கு (உங்கள் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் அறிக்கைக்கு) 5 வருஷம், மருத்துவப் பரிசோதனைக்கு 12 மாதம், இப்போது வசிக்கும் நாட்டின் போலீஸ் சான்றுக்கு 6 மாதம். விண்ணப்பம் போடும் நாளில் இத்தனையும் செல்லுபடியாக வேண்டும். ஆகவே ஆயுள் கூடியதை முதலில் வாங்குங்கள், குறைந்ததைக் கடைசியில். இந்தக் கணக்கெல்லாம் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையினுடையது. 2015-இல் தொடங்கிய முறை, புள்ளி அதிகம் உள்ளவர்களை விண்ணப்பிக்க அழைப்பது; ஒவ்வொரு புள்ளியும் எப்படி வருகிறது என்பது வெளிப்படையாக இருப்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பட்டச் சான்றிதழ், வேலைக் கடிதம் நான்கையும் மேஜையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் இருக்கும், இன்னொன்றில் விரித்தெழுதிய பெயர், மூன்றாவதில் ஆங்கில 'எச்' ஒன்று கூடுதலாக. பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் மூலம். தேர்வுக்குப் பதிவு செய்வதும் அதே எழுத்துகளில் இருக்கட்டும். பழைய சான்றிதழைத் திருத்த வழியில்லை என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: அமெரிக்க விசா படிவத்தில் அந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிற்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே முடிந்தால் பெயரை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது.

அடுத்தது பட்ட மதிப்பீடு. பெரும்பாலும் தாமதம் மதிப்பீட்டு நிறுவனத்தில் இருக்காது, உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், அல்லது உறையில் ஒட்டி, ஒட்டிய விளிம்பின்மேல் முத்திரை குத்தித் தர வேண்டும். ஆவலில் அந்த உறையைப் பிரித்துப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. விண்ணப்பிக்கும்போது 'குடியேற்றத்துக்காக' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கென்று வாங்கிய மதிப்பீடு இதற்குச் செல்லாது. இன்னொன்று: இந்த மதிப்பீடு தொழில் உரிமம் ஆகாது. செவிலியர், ஆசிரியர், மருத்துவர் போன்றவர்கள் அங்குள்ள உரிம அமைப்பிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சில சமயம் அதற்கான மொழித் தேர்வு மதிப்பெண்ணும் வேறாக இருக்கும்.

இப்போது மொழித் தேர்வு. ஐஇஎல்டிஎஸில் இரண்டு வகை உண்டு. ஜெனரல் டிரெய்னிங் எழுதுங்கள். அகாடமிக் எழுதினால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஏற்கமாட்டார்கள். எட்ட வேண்டிய இலக்கு கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. இதைத்தான் கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் சிஎல்பி 9 என்கிறார்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், முதுகலைப் பட்டமும் வெளிநாட்டில் 3 வருஷ அனுபவமும் உள்ள, திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இலக்கை எட்டிவிட்டார், எழுத்தில் மட்டும் 6.5. எழுத்துக்கான நேரடிப் புள்ளி 31-க்குப் பதில் 23. படிப்பும் மொழியும் சேர்ந்து தரும் புள்ளி 50-லிருந்து 25 ஆகிறது. அனுபவமும் மொழியும் சேர்ந்ததும் அப்படியே 50-லிருந்து 25. அரை மதிப்பெண்ணுக்கு மொத்தம் 58 புள்ளி காலி! அதே ஆளுக்கு வயது 29-லிருந்து 30 ஆனால் போவது 5 புள்ளிதான். வயது ஏறுகிறதே என்ற பதற்றத்தில் அரைகுறையாக எழுதுவதைவிட, இரண்டு மாதம் எழுத்துப் பயிற்சிக்குக் கொடுப்பது லாபம்.

வேலை அனுபவக் கடிதத்தில்தான் தகுதியுள்ளவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். மனிதவளத் துறை வழக்கமாகத் தரும் கடிதத்தில் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்' என்று இரண்டு வரி இருக்கும். அது போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் உங்கள் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், அன்றாடம் செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தொடர்பு விவரமும் வேண்டும். 'வாரம் 40 மணி நேரம்' என்ற வரி விடுபட்டதாலேயே அனுபவம் கணக்கில் வராமல் போகலாம், ஏனென்றால் வாரம் 30 மணி நேரம், வருஷத்துக்கு 1,560 மணி நேரம் என்பதுதான் அவர்களுடைய அளவு. வரைவை நீங்களே எழுதி மேலாளரிடம் நீட்டுங்கள். ஆனால் கனடா அரசின் தொழில் வகைப்பாட்டில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். படிக்கும் அதிகாரிக்கு அந்த வரிகள் மனப்பாடம். நிறுவனம் கைவிரித்தால் சம்பளச் சீட்டு, நியமன ஆணை, வரி ஆவணம், முன்னாள் மேலாளரின் உறுதிமொழி ஆகியவற்றோடு ஒரு விளக்கக் கடிதமும் சேருங்கள்.

அங்கே போய்ச் சமாளிக்கக் கையிருப்பு உண்டு என்று காட்டும் பணத்தில் தொகையைப் போலவே தேதியும் முக்கியம். கனடா கடந்த 6 மாதச் சராசரி இருப்பைக் கேட்கிறது. வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய நாளும் நிலுவைக் கடனும்கூட இருக்க வேண்டும். கடன் வாங்கிக் காட்டும் பணம் செல்லாது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெருந்தொகை ஒன்று திடீரென்று வந்து விழுந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும்: நிலம் விற்ற பத்திரமோ, பெற்றோர் எழுதிய நன்கொடைக் கடிதமோ. பிரிட்டனின் மாணவர் விசாவில் தொடர்ந்து 28 நாள் இருப்பு குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்ததும் விண்ணப்பம் போட 60 நாள் கெடு. இதற்குள் போலீஸ் சான்று வாங்குவது எளிதல்ல, குறிப்பாக வேறு நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு. கடந்த 10 வருஷத்தில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும். பழைய நாட்டுச் சான்றுகளை அழைப்புக்கு முன்பே தொடங்குங்கள். மருத்துவப் பரிசோதனையும் 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்தோடு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும், அதுவும் கனடா அரசின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வது தவறில்லை. உரிமம் உள்ளவரா என்று கனடாவுக்கான ஆலோசகர்களின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். அனுப்பும் முன் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள். அவர் எழுதிய பொய்யும் உங்கள் பொய்தான்: கனடாவில் 5 வருஷத் தடை. 'பழைய விசா மறுப்பைச் சொல்ல வேண்டாம்' என்று ஆலோசனை சொல்பவரிடமிருந்து அன்றைக்கே விலகிவிடுங்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விண்ணப்பதாரர் தகவலைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

கனடாவுக்குப் புள்ளி எட்டவில்லை என்றால் ஜெர்மனியின் சான்சென்கார்ட்டை, அதாவது வேலை தேடுவோருக்கான 'வாய்ப்பு அட்டை'யைப் பாருங்கள். 2024 ஜூனில் வந்தது. அவர்களுடைய தனிக் கணக்கில் குறைந்தது 6 புள்ளி இருந்தால் ஒரு வருஷம் வரை அங்கே தங்கி வேலை தேடலாம், இடையில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். பட்டமும் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் படிப்புகளுக்கான ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். 'எச் பிளஸ்' என்று இருந்தால் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதே தாள்களை மறுநாளே திரும்ப அனுப்பாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் பெரும்பாலும் சுருக்கமாகத்தான் இருக்கும். கனடா என்றால் ஜிசிஎம்எஸ் எனப்படும் கோப்பில் அதிகாரி எழுதிவைத்த குறிப்பைக் கேட்டு வாங்கலாம். எந்தத் தாளில் எந்த வரி அவருக்கு உறுத்தியது என்று அதில் தெரியும். அந்தத் தாளைச் சரிசெய்துவிட்டு மறுபடி போடுங்கள்.