சதைக்குள் இறங்கும் கால் நகம்: மூலையைத் தோண்டுவதில் தொடங்கும் தவறுகள்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைக் குத்தத் தொடங்கியதும் பெரும்பாலோர் நகவெட்டியை எடுத்து அந்த மூலையைத் தோண்டி வெட்டிவிடுகிறார்கள். வெட்டியவுடன் வலி அடங்குவதால் அதுவே சரியான வைத்தியம் என்று தோன்றும். சில வாரங்களில் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். நகவெட்டியின் வாய் எட்டாத ஆழத்தில் சிலாம்பு போன்ற ஒரு கூர்முனை வெட்டுப்படாமல் நின்றுவிடுவதே இதற்குக் காரணம். கால் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் வளர்வதால், அந்த முனை சிறிது சிறிதாக முன்னேறிச் சதையைத் துளைக்கிறது. மூலை இருந்த இடத்தில் அழுத்திப் பிடிக்க நகம் இல்லாமற்போவதால் சதையும் மேலெழுந்து அதன் வழியை மறித்துக்கொள்கிறது. ஆகவே நகத்தை நேராக வெட்டி, இரு மூலைகளும் சதைக்கு வெளியே கண்ணில் படும்படி விட வேண்டும். மூலை உறுத்தினால் அரத்தால் இலேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

நகத்தின் நடுவில் ‘வி’ வடிவில் வெட்டினால் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு வலி தீரும் என்ற நம்பிக்கையும் நெடுங்காலமாக உலவுகிறது. நகம் வளர்வது தோலுக்கு அடியிலுள்ள வேரில். நாம் வெட்டுவதோ உயிரற்ற தகட்டை. நுனியில் நாம் என்ன கோலம் போட்டாலும் வேருக்கு அது தெரியப்போவதில்லை.

தொடக்க நிலையில், அதாவது சிவப்பும் இலேசான வீக்கமும் மட்டும் இருக்கையில், வெதுவெதுப்பான நீரில் நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, சதையை நகத்திலிருந்து மெல்ல ஒதுக்கிவிட்டாலே பலருக்குக் குணமாகும். இதைச் செய்துகொண்டே விரலை நெருக்கும் அதே காலணியை அணிவது வீண்வேலை.

சீழ் வைத்த பிறகு ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்புவது, என் பார்வையில், பலரை மாதக்கணக்கில் அலைய வைக்கும் தவறு. முள் உள்ளேயே இருக்க, புண் எப்படி ஆறும்? நாளடைவில் நகத்தின் ஓரத்தில், தொட்டால் இரத்தம் கசியும் செக்கச்சிவந்த சதை முளைக்கிறது. இந்நிலையில் முழு நகத்தையும் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் உண்டு; ஆனால் வேர் அப்படியே இருப்பதால், ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் முளைத்து வரும் புது நகமும் அதே இடத்தில் குத்தக்கூடும். விரலை மரத்துப்போகச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் கீற்றாக எடுத்து, அதன் வேரில், அது மீண்டும் வளராதபடி அழிக்கும் ஃபீனால் என்ற வேதிப்பொருளைத் தடவும் சிறு சிகிச்சையில் மீண்டும் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அதன்பின் சில வாரங்கள் நீர் கசிவது வழக்கமே. வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினால்தான் கிருமித்தொற்றா என்று பார்க்க வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளும் கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மேற்சொன்ன வீட்டு வைத்தியத்தில்கூட இறங்கக்கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் நீரின் சூடும் தெரியாது, புண்ணின் வலியும் தெரியாது. தொற்று எலும்பு வரை இறங்கிய பிறகுகூட விரல் சும்மா இருப்பதுபோலவே தோன்றலாம். இவர்கள் சிவப்பைக் கண்ட அன்றே மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும்.