ஹைக்கூவின் மூன்றாவது வரியில் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஹைக்கூ என்பது ஜப்பானிலிருந்து வந்த மூன்று வரிக் கவிதை. பயிலரங்குகளில் புதியவர்களின் ஹைக்கூத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், ஆரம்பத்தில் நான் எழுதியவையே திரும்பி வந்ததுபோல் இருக்கும். எழுத்துப்பிழை, தேய்ந்த உவமை எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். சரியாகாமல் ஒட்டிக்கொள்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவது வரியில் தீர்ப்பு

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு கல்லூரி மாணவி இப்படி எழுதியிருந்தார்:

மழை விட்ட தெரு
கவிழ்ந்து கிடக்கும் காகிதக் கப்பல்
வாழ்க்கையும் இப்படித்தான்

முதல் இரண்டு வரிகளில் தெரு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, விளையாடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்ட குழந்தையும் இருக்கிறது. மூன்றாவது வரி வந்ததும் யாரோ நமக்குப் புத்தி சொல்ல ஆரம்பிக்கிறார். கப்பல் என்ன தாளில் செய்தது என்று கேட்டேன். "கணக்கு நோட்டுத் தாள் சார், தம்பி கிழிச்சது" என்றார். பிறகு அவரே கடைசி வரியை அடித்துவிட்டு, 'பாதி அழிந்த கூட்டல்' என்று எழுதினார். கவிதை நிமிர்ந்துவிட்டது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் கவியரங்க மேடையில் தொற்றுகிறது. கடைசி வரியை இரண்டு முறை படித்தால் கைதட்டல் கிடைக்கும். அதற்குப் பழகியவர் முதலில் கருத்தைப் பிடித்துக்கொண்டு, காட்சியை அப்புறம் தேடுகிறார். கொஞ்ச நாளில் எதையும் நின்று பார்ப்பதே இல்லாமல் போகிறது. அப்படி எழுதிக் குவித்த ஒருவரின் கையெழுத்துப் பிரதியைப் படித்திருக்கிறேன். எந்தக் கவிதையின் மூன்றாவது வரியையும் வேறெந்தக் கவிதையிலும் ஒட்டலாம்.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1686-ல் எழுதிய தவளைக் கவிதையில் பழைய குளம், தவளையின் பாய்ச்சல், தண்ணீரின் ஓசை. அவ்வளவுதான். குளத்தைச் சொன்னதும் 'யா' என்ற வெட்டுச்சொல் வந்து கவிதையை இரண்டாக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வாசகரின் வேலை. அதை நாமே செய்துவிட்டால் அவர் எதற்கு?

"இன்னொரு ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸா தத்துவம் சொல்லவில்லையா?" என்று கேட்பார்கள். சொன்னார். 1819-ல் பெரியம்மை அவருடைய சின்ன மகளைக் கொண்டுபோனது. இது பனித்துளி உலகம் என்று எழுதினார். ஆனால் அத்தோடு நிறுத்தாமல், 'இருந்தாலும், இருந்தாலும்' என்று முடித்தார். 'எதுவும் நிலையில்லை' என்று எல்லோரும் சொல்லும் பௌத்த ஆறுதல் அந்தத் தகப்பனுக்குப் போதவில்லை. தீர்ப்பு உடைகிற இடத்தில்தான் அந்தக் கவிதை இருக்கிறது.

5-7-5 நிரப்புதல்

ஹைக்கூவின் மூன்று வரிகளில் 5, 7, 5 என மொத்தம் 17 ஒலிகள் என்பது கணக்கு. அதை ஜப்பானியர் எண்ணுவது வேறு விதம். 'நிப்பொன்' அவர்களுக்கு நான்கு: நி, ப், பொ, ன். எழுத்தெண்ணிப் பாடும் நம் கட்டளைக் கலித்துறையில் மெய்யெழுத்துகளை எண்ணுவதில்லை, அந்தக் கணக்கில் இது இரண்டுதான். ஆக, நம் முறையில் 17 எண்ணினால் அவர்களுடையதைவிட நீளமான கவிதை வரும். அந்த இடத்தை 'அந்த', 'ஒரு', 'தான்' போட்டு அடைக்கிறார்கள். எண்ணிப் பழகுங்கள், நல்லது. அடைக்காதீர்கள்.

பார்க்காத செர்ரிப் பூ

ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் வரும்; ஜப்பானியரிடம் இந்தப் பருவச்சொற்களுக்கென்றே தொகுப்புகள் உண்டு. அதைப் பார்த்து நம்மவர்களும் செர்ரிப் பூவை எழுதுகிறார்கள். நம் திணை இலக்கணத்திலும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்கள் இருக்கின்றன. வேப்பம்பூ வாசலில் உதிரும் மாதம் தெரிந்தவருக்குச் செர்ரி எதற்கு?

ஒரு வாக்கியத்தை மூன்றாக மடித்தல்

சேர்த்துப் படித்தால் உரைநடையாக ஓடினால், அது உரைநடை.

கிண்டலுக்கு ஹைக்கூ என்று பெயர்

மனிதரின் குணத்தைக் கேலியாகச் சொல்ல, பருவச்சொல் தேவைப்படாத சென்ரியு என்ற ஜப்பானிய வடிவம் இருக்கிறது. அதுவும் 5-7-5தான். அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.