பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கினால்: பழைய காரில் காரணம் கண்டறியும் முறை

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியதும், ‘டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும்’ என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சோதிக்காமல் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டை) மாற்றினால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதே நடுக்கம் திரும்பி வரக்கூடும். ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், நடுக்கம் எப்போது வருகிறது என்பதை ஓட்டிப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் (உருளை வடிவப் பிரேக்) கொண்ட சிறிய கார்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பிரேக்கைத் தொடாமலே 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தால், வீல் பேலன்சிங், டயரில் புடைப்பு, ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு வீல் அலைன்மென்ட் மருந்தன்று; அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதையும் டயர் ஒருபுறமாகத் தேய்வதையும் சரிசெய்யும், அவ்வளவே. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம்.

பிரேக் அழுத்தும்போது மட்டுமே வரும் நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரங்களும், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் டிரம்களும் காரணம். ஐயமிருந்தால், ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட்பிரேக்கின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், அப்போதும் நடுங்கினால் டிரம்தான் வட்டம் தவறியிருக்கிறது. ஈரச் சாலையில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆகியவற்றின் தேய்வும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டின் தேய்வும் தெரியும். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மில் உள்ள புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேய்ந்த புஷ் நடுக்கத்தை உண்டாக்குவதைவிட அதைப் பெரிதாக்குவதே அதிகம். புதிய காரில் உணரவே முடியாத சிறு குறை பழைய காரில் கையை உதறுவதற்கு இதுவே காரணம்.

இனி டிஸ்க். அது ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகத்தில்) சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தால், பிரேக் அழுத்தாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேடில் (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் கட்டையில்) உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேய்ந்து மெலிந்த பிறகு, பிரேக் அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கி, பெடலையும் ஸ்டியரிங்கையும் உலுக்குகிறது. ஹப்பின் முகத்தில் படிந்த மெல்லிய துரு ஏடு போதும் இந்தச் சாய்வை உண்டாக்க. புதிய டிஸ்க்கையும் அதே துருவின் மேல் பூட்டினால், கொஞ்ச நாள் சரியாக இருந்துவிட்டு நடுக்கம் திரும்பத்தானே செய்யும்?

எனவே சக்கரத்தைக் கழற்றியபின், டிஸ்க்கைக் கழற்றும் முன், அதை வீல் நட்டுகளால் ஹப்போடு இறுக்கி, விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவியை) வைத்து, டிஸ்க்கைச் சுழற்றிப் பாருங்கள். பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. சில கார்களுக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பது நல்லது. ஆட்டம் மிகுந்தால், டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் துடைத்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். பிறகும் குறையாவிட்டால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளிப் பூட்டுங்கள்: மேடான இடம் டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில், நகராமல் நின்றால் ஹப்பிலோ பேரிங்கிலோ.

தடிமனை மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். வெர்னியர் விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டில் தட்டித் தவறான அளவு காட்டும். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே கையில் தெரியக்கூடியது. லேத்தில் கடைந்த பிறகு, டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகுமானால், இடம், வலம் இரு சக்கரங்களிலும் சேர்த்து மாற்றுவதே சரி. பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் பின்கள் இறுகியிருந்தாலும் டிஸ்க் சூடேறிக் கெடும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாக இருப்பது அதன் அடையாளம்.

வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். சமமில்லாத இறுக்கமும் டிஸ்க்கைச் சாய்க்கும் என்பதால், எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குவதே முறை. புதிய டிஸ்க்கும் பேடும் பூட்டியபின், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாக எட்டுப் பத்து முறை, இடைவெளி விட்டுக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தியபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் படிந்துவிடும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.