நாவல், நாடகம், சினிமா மூன்றையும் சேர்த்துப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலக்கியத்தோடு நாடகத்தையும் சினிமாவையும் சேர்த்துப் படிக்க இன்று வழி இருக்கிறது. டெல்லி ஜே.என்.யூ.வில் நாடகமும் சினிமாவும் ஒரே துறைக்குள் ஆய்வு செய்யப்படுகின்றன. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சினிமா ஆய்வுக்குத் தனித் துறையே உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் நாடகம் கற்றுத் தருகின்றன. நம் ஊர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு 'இலக்கியமும் திரைப்படமும்' என்று ஒரு விருப்பப் பாடமாவது வந்துவிட்டது. ஆர்வத்தோடு இதில் சேரும் பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணில் சறுக்குகிறார்கள். உழைப்பு குறைவதால் அப்படி நடப்பதில்லை. மூன்றையும் ஒரே விதமாகப் படிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் தவறு, எல்லாவற்றையும் கதையாக மட்டும் பார்ப்பது. நாவலைப் பற்றிக் கேட்டாலும் கதைச்சுருக்கம், படத்தைப் பற்றிக் கேட்டாலும் கதைச்சுருக்கம். பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். அந்த விடையை வைத்து, எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, யாரோ சொல்லக் கேட்டாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது, படம் 1955-இல். படத்தின் இறுதிப் பகுதியில் ஹரிஹர் நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. அவளுக்கென்று வாங்கிய புடவையை அவர் நீட்டும்போது சர்பஜயா உடைந்து அழுகிறாள். அந்த அழுகுரல் நம் காதில் விழுவதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்புக் கருவி உச்ச ஸ்தாயியில் ஒலிக்கிறது. 'மகள் இறந்ததை எண்ணித் தாய் அழுகிறாள்' என்று எழுதினால் கதை சரிதான், ஆனால் அந்தக் காட்சியில் நடந்த எதுவுமே விடைக்குள் வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, குரல் இல்லை, குரலின் இடத்தில் கருவி இருக்கிறது. இதைக் கவனித்து, ஏன் என்று நாலு வரி யோசித்து எழுதினால் போதும், அது சினிமா பற்றிய விடையாகிவிடும்.

அதே படத்தில் கிழவி இந்திர் இன்னொரு நல்ல உதாரணம். நாவலில் அவள் ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறாள், துர்காவின் தம்பி அப்பு அப்போது சின்னக் குழந்தை. ராய் அவளை அப்பு வளரும்வரை உயிரோடு வைத்திருக்கிறார். ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அக்காவும் தம்பியும் மூங்கில் தோப்பில் அவள் உட்கார்ந்தபடியே இறந்து கிடப்பதைக் காண்கிறார்கள். இந்த மாற்றத்தால் படத்துக்கு என்ன கிடைத்தது? ஒரு செமினார் முழுக்கப் பேசலாம்.

இரண்டாவது தவறு இதிலிருந்தே பிறக்கிறது. 'படம் நாவல் அளவுக்கு வரவில்லை', 'நாவலைச் சிதைத்துவிட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதுவது. டீக்கடையில் பேச இது போதும், அசைன்மெண்டுக்குப் போதாது. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். அதைத் தழுவி வெற்றிமாறன் 2019-இல் 'அசுரன்' எடுத்தார். நாவல் சிதம்பரம் என்ற பதின்ம வயதுப் பையனின் கூடவே நடக்கிறது. அவன் பார்க்கும் காடு, அவன் பசி, அவன் பயம், அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, தெரியாதது. படமோ தந்தையை மையத்துக்குக் கொண்டுவந்து, அவருடைய இளமைக்கு நீண்ட ஃப்ளாஷ்பேக் ஒன்றைத் தருகிறது. நாவல் படிக்கிறவர் பையனோடு சேர்ந்து ஒளிந்திருக்கிறார். படம் பார்க்கிறவர் இந்த அப்பா ஏன் இவ்வளவு பொறுத்துப் போகிறார் என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். மையம் நகர்ந்ததால் சாதியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் படம் எதைச் சொல்ல முடிந்தது, எது கைவிட்டுப் போனது என்று கேளுங்கள். பெரிய நட்சத்திரம் நடிக்கும் படம் என்பதும் அந்த முடிவில் பங்கு வகித்திருக்குமா என்று கேட்கலாம், தப்பில்லை. எது உசத்தி என்ற கேள்வியைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுங்கள். அங்கே போய்ச் சேரும்போது அது தேவைப்படாமலே போகலாம்.

அடுத்து நாடகம். மூன்றில் மிக அதிகமாக அநியாயத்துக்கு ஆளாவது இதுதான். சினிமாவைப் பார்க்கிறோம், நாவலைப் படிக்கிறோம். நாடகத்தைப் பார்ப்பதும் இல்லை, உரக்கப் படிப்பதும் இல்லை, நாவல் மாதிரி கண்ணால் ஓட்டிவிடுகிறோம். அப்படி ஓட்டும்போது முதலில் தாண்டிப் போவது மேடைக் குறிப்புகளை. சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953 ஜனவரியில் பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. அதன் இரண்டு அங்கங்களும் ஒரே மாதிரி முடிகின்றன. காத்திருக்கும் இருவரும் போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், அதற்குக் கீழே அவர்கள் அசையவில்லை என்று குறிப்பு. வசனத்தை மட்டும் படித்தவருக்கு இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். இப்சனின் 'பொம்மை வீடு' 1879-இல் எழுதப்பட்டது. அது கீழ்த்தளத்துக் கதவு அடைபடும் சத்தத்தோடு முடிகிறது. அந்தச் சத்தமும் குறிப்பில்தான் இருக்கிறது, எந்தப் பாத்திரமும் அதைப் பேசுவதில்லை.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு சொத்து இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மனப்பாடப் பகுதியாகவே கடந்துவிடுகிறோம். அதில் மேடை கட்டும் கணக்கே இருக்கிறது. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்றுகூட இளங்கோ சொல்கிறார். லைட்டிங் பற்றி ஒரு காவியம் பேசுகிறது! நாடகப் பேப்பரில் அரங்க அமைப்பைப் படித்துவிட்டு இந்தக் காதைக்குத் திரும்பிப் பாருங்கள், வேறொரு நூலாகத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் படிப்பதன் பலன் இந்த மாதிரி இடங்களில்தான் கைக்கு வருகிறது.

நாடகப் பிரதியை இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். யார் எங்கே நிற்கிறார், யார் பேசாமல் மேடையில் இருக்கிறார் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். நன்றாக நடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

எந்தப் பிரதி, எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் இருப்பதும் பெரிய தவறு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டுக்கு மூன்று பழைய அச்சுப் பிரதிகள் இருக்கின்றன: 1603-இல் ஒன்று, 1604-05-இல் ஒன்று, 1623-இன் தொகுப்பில் ஒன்று. முதல் பிரதியில் 'இருப்பதா, இறப்பதா' என்ற அந்தப் புகழ்பெற்ற தனிமொழியே வேறு மாதிரி இருக்கிறது, நாடகத்தில் அது வரும் இடமும் வேறு. லாரன்ஸ் ஒலிவியேயின் 1948 படம் சுமார் இரண்டரை மணி நேரம். அதில் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன், ஃபோர்டின்பிராஸ் என்ற பாத்திரங்கள் யாருமே இல்லை. கென்னத் பிரானாவின் 1996 படம் சுமார் நான்கு மணி நேரம் ஓடி, ஏறக்குறைய முழுப் பிரதியையும் பேசுகிறது. ஆக, 'ஷேக்ஸ்பியர் எழுதியதை ஒலிவியே வெட்டிவிட்டார்' என்று எழுதுமுன், எந்த ஷேக்ஸ்பியரை என்று சொல்ல வேண்டும்.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், பாட்டு போயிருக்கும். பிரேமின் ஓரத்தில் நிற்கும் ஆளைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்போது அந்த ஓரமே இல்லையென்றால் என்ன செய்வது? வேற்றுமொழிப் படத்தில் சப்டைட்டிலை வசனமாக மேற்கோள் காட்டுவதும் ஆபத்து. குரோசாவாவின் 1957 படம் 'மேக்பெத்'தை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. அதில் ஷேக்ஸ்பியரின் வரிகள் அப்படியே வருவதில்லை. ஜப்பானின் மரபு நாடகமான 'நோ'வின் முகமூடி போன்ற முகமும், துணி தரையில் உரசும் ஒலியும், மூடுபனியும் அந்த வேலையைச் செய்கின்றன. சப்டைட்டிலை மட்டும் துரத்துகிறவர் இதையெல்லாம் தவறவிடுவார்.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டாமல் பாருங்கள், குறிப்பு எழுத வேண்டாம். அப்புறம் எழுதப்போகும் காட்சியை மட்டும் எடுத்து, ஷாட் ஷாட்டாக எங்கே கட் ஆகிறது, கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். அதன்பின் அதே காட்சியை ஒலியை அணைத்து ஒரு தடவை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு ஒரு தடவை.

கோட்பாட்டை முன்னால் நிறுத்துவது இன்னொரு பழக்கம். லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரையைப் படித்ததும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'ஆண் பார்வை' (கேமரா பெண்ணை ஆணின் கண்ணால் பார்ப்பது) என்று எழுதத் தோன்றும். அந்தக் கட்டுரை முக்கியமானதுதான். ஆனால் அவர் பேசியது ஹாலிவுட்டின் ஒரு காலகட்டத்துப் படங்களை வைத்து. நீங்கள் எழுதும் படத்தில் கேமரா யாருடைய கண்ணாக நிற்கிறது என்று ஒரு காட்சியிலாவது காட்டிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். நமக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் உடலில் எப்படித் தெரிகின்றன என்று பேசும் இயல் அது. நடிப்பைப் பற்றி எழுதும்போது கைகொடுக்கும்.

வரலாற்றை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் படங்களில் பாட்டு வருவதை வியாபாரத்துக்காக ஒட்டியது என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1934-இல் 'பவளக்கொடி' நாடகம் படமானபோது, மேடையில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் திரையிலும் நடித்தார்கள். பாடி நடித்த மேடை அப்படியே ஸ்டுடியோவுக்குள் நடந்து வந்தது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை கே. பாலசந்தர் 1981-இல் படமாக்கினார். வறண்ட நிலத்தை மேடை வசனத்தாலும் உடலாலும் உணர்த்த வேண்டும், கேமரா அதை நேராகக் காட்டிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே டிஸர்டேஷன் எழுதலாம்.

சேரும்போதே செய்யும் தவறு ஒன்றும் உண்டு. இந்தப் படிப்பு முடித்தால் இயக்குநராகிவிடலாம் என்று நினைத்துச் சேர்வது. படம் எடுக்கப் பயிற்சி வேண்டுமென்றால் புனே திரைப்படக் கல்லூரி, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி போன்றவை இருக்கின்றன. நாடகப் பயிற்சிக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளி. பல்கலைக்கழகப் படிப்பு பெரும்பாலும் ஆய்வையும் எழுத்தையும் நோக்கியது. பாடத்திட்டத்தை வாங்கி, செய்முறைக்கு எத்தனை மதிப்பெண், நாடகத்தை மேடையேற்ற வேண்டுமா, படம் திரையிட நேரம் ஒதுக்குகிறார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாகத் தலைப்பு. 'தமிழ் நாவல்களும் திரைப்படங்களும்' என்று பதிவு செய்துவிட்டு இரண்டாம் செமஸ்டர் முழுக்கப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு நாவல், அதன் படம், இரண்டிலும் வரும் ஒரே ஒரு காட்சி. இப்படித் தொடங்குங்கள். நாவலில் அந்தக் காட்சி எத்தனை பக்கம், படத்தில் எத்தனை நிமிடம் என்று முதல் நாளே எழுதி வைத்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள்.