பதிப்பு நின்றுபோன சரித்திரக் காதல் நாவலுக்கு வாசகர் கருத்து சேகரிப்பது எப்படி

கடையில் கிடைக்கிற நாவல் என்றால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துவிட்டுக் கருத்து சொல்லலாம். பதிப்பு நின்று முப்பது நாற்பது வருடம் ஆன சரித்திரக் காதல் நாவலுக்கு அது நடக்காது. அதைப் படித்தவர்கள் இன்றைக்கு அறுபதிலும் எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள், கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் ஏதோ ஒரு தெருவில் இருக்கிறார்கள், அந்த நாவலைப் பற்றிய விமர்சனம் முக்கால்வாசி அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. தள்ளிப்போட்டால் போய்விடும். அதனால் இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காவிரி டெல்டாவை வைத்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் சோழர் காலத்துக் கதை என்றால் இங்கே இருப்பவர் அதைத் தன் ஊர்க் கதையாகத்தான் படிக்கிறார், குறை சொன்னாலும் அந்த உரிமையோடு சொல்கிறார்.

முதலில் பிரதியைப் பிடியுங்கள். நீங்கள் படிக்காமல் போய் உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். மாவட்ட மைய நூலகம், பிறகு தாலுகா ஊர்களின் கிளை நூலகங்கள், இதுதான் வரிசை. தஞ்சாவூர் என்றதும் பலர் நேராக சரசுவதி மகால் நூலகத்துக்குப் போகிறார்கள். அது ஓலைச்சுவடிக்கும் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கும் பேர் போன இடம், பெரும்பாலும் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த இந்த மாதிரி நாவலைத் தேடி முதலில் போக வேண்டிய இடம் இல்லை. கிளை நூலகத்தில் அட்டவணையில் இல்லை என்றாலும் நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கட்டிப்போட்டு மூலையில் வைத்த பழைய புத்தகங்களில் இருக்கலாம். டெல்டாவுக்கு வெளியே என்றால் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தை விட்டுவிடாதீர்கள், தமிழில் முதல் பதிப்புகளைத் தேடுகிறவர்கள் எல்லோரும் போகிற இடம் அது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. அங்கேயே இருக்கிற கன்னிமாரா நூலகத்துக்கு 1954ஆம் வருடச் சட்டப்படி வெளியாகிற புத்தகங்களில் ஒரு பிரதி போயாக வேண்டும், எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்பினார்களா என்பது வேறு விஷயம், ஆனாலும் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் வீட்டில் இருந்தபடியே தேடலாம்.

இதையெல்லாம் விட நல்ல பிரதி வீடுகளில் இருக்கிறது, பைண்டு வால்யூமாக. வாராவாரம் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, முதுகில் தலைப்பை எழுதி வைத்திருப்பார்கள். பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கும். அதை உங்கள் கையில் கொடுத்தால் பக்கங்களை முழுதாக விரித்து அழுத்தாதீர்கள், அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் தாள் மடிந்த இடத்திலேயே உடைந்துவிடும். போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டிலேயே வைத்து எடுத்துவிட்டு, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பைண்டு புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே அப்படி இரவல் போய்த் திரும்பாத புத்தகம் அந்த வீட்டில் குறைந்தது ஒன்றாவது இருக்கும், அந்த வருத்தம் இன்னும் ஆறியிருக்காது.

நூலகப் பிரதியோ பழைய வாடகை நூலகப் பிரதியோ கிடைத்தால் கதையைப் படிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதிகளை முத்திரை குத்திய சீட்டு ஒட்டியிருந்தால் அதுவே ஒரு வாசகர் கருத்துதான், எந்த வருடங்களில் அடுத்தடுத்துக் கை மாறியது, எப்போது ஆள் குறைந்தது என்று அதில் தெரியும். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். இளவரசி அழுகிற இடத்தில் ‘ஐயோ பாவம்’ என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘இவளுக்கு வேண்டும்’ என்று இன்னொருவர் எழுதியிருப்பார். நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், ஆனால் கிறுக்கியாகிவிட்டது, இப்போது நமக்கு அது பொக்கிஷம். பக்க எண்ணோடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது? ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் போவது எல்லோருக்கும் தோன்றும், அவர்கள் நன்றாகவும் பேசுவார்கள். அங்கேயே நின்றுவிட்டால் ஒரே வகை வாசகரின் கருத்துதான் கிடைக்கும். வாரப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொஞ்சம் பேர், இரவலிலும் ஓசியிலும் படித்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. சலூனில் காத்திருக்கும்போது படித்தவர், டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டவர், தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டே கேட்டவர், இவர்களைத் தேடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத ஒரு பாட்டி, பேத்தி படிக்கக் கேட்டே கதை முழுவதையும் மனதில் வைத்திருக்கலாம், அவரும் வாசகர்தான். வயல் வேலை செய்த குடும்பங்களில் கேட்டால் வேறு ஒரு கேள்வி வரும், ‘அதுல ராஜா இருக்காரு, தளபதி இருக்காரு, நடவு நட்டவங்க எங்க இருக்காங்க?’ என்று. அந்த ஒரு கேள்வி, நாவல் எதைப் பார்க்காமல் விட்டது என்பதை நீளமான மதிப்புரையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

நேரம் பார்த்துப் போங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் போய் யார் வீட்டிலும் நிற்காதீர்கள். சம்பா அறுவடையெல்லாம் முடிந்து மாசி பங்குனியில் போனால் உட்கார்ந்து பேசுவார்கள், மதியச் சாப்பாடு முடிந்து காபிக்கு முந்தைய நேரம் ரொம்ப நல்லது. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேளுங்கள், வேண்டாம் என்றால் நோட்டில் எழுதுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ‘நாவல் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கும்பா, அந்தக் காலத்துல எல்லாரும் படிப்போம்’ என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆளைப் பற்றிக் கேளுங்கள். அவன் அவளைக் கட்டியது சரியா? இரண்டாவது நாயகியைக் கடைசியில் கன்னிமாடத்துக்கு அனுப்பியது நியாயமா? வில்லன்மேல் எங்கேயாவது இரக்கம் வந்ததா? ‘தொடரும்’ என்று போட்டு ஒரு வாரம் காக்க வைத்தபோது என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், வீட்டில் யாரோடு சண்டை போட்டீர்கள்? எந்த இடத்தில் சலித்துப்போய்ப் பக்கம் தள்ளினீர்கள்? படம் வரைந்தவர் அவளை வரைந்தது பிடித்ததா, நீங்கள் மனதில் நினைத்த முகம் அதுதானா? இப்படிக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்வார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையிலிருந்து பெயர் வைத்தவர்கள் யாராவது தெருவில் உண்டா என்றும் கேளுங்கள், பெயர் வைப்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு நாவலுக்குக் கிடையாது.

எந்த வடிவத்தில் படித்தார் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். தொடராக வந்ததைப் புத்தகமாகப் போடும்போது சில அத்தியாயங்களைச் சுருக்கியிருப்பார்கள், சில இடங்களில் முடிவையே தொட்டிருப்பார்கள். அதோடு, வாரம் நாலைந்து பக்கம் படித்தவருக்கு ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கத்தி பாய்வது பரபரப்பு, மொத்தமாக இரண்டு நாளில் படித்தவருக்கு அதே கத்தி அலுப்பு. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதைக் குறிக்காமல் கலந்து எழுதினால் யார் எதைச் சொன்னார் என்றே புரியாது.

வருடம் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். 1977 நவம்பர் புயலுக்கு முன்பா என்று நாகப்பட்டினம் பக்கத்தில் கேட்டால் உடனே பதில் வரும். கும்பகோணத்தில் மகாமகத்தை வைத்துக் கேட்கலாம், 1968, 1980, 1992 என்று பன்னிரண்டு வருடக் கணக்கு சுலபமாக வந்துவிடும்.

நினைவு கலந்துபோகும், அதற்கும் தயாராக இருங்கள். ஒரு நாவலின் குதிரை இன்னொரு நாவலின் வீரனைச் சுமந்துகொண்டு வரும், சினிமாவில் பார்த்த காட்சி நடுவில் புகுந்துவிடும். பேசும்போது திருத்தாதீர்கள், திருத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள். முகத்தில் காட்டாமல் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிரதியோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தனியாக எழுதி வையுங்கள். தூக்கிப் போடவும் வேண்டாம், நாவலில் இல்லாத ஒரு முடிவைப் பல பேர் ஒரே மாதிரி நினைவு வைத்திருந்தால் அவர்கள் எந்த முடிவை விரும்பினார்கள் என்று அர்த்தம்.

டெல்டா வாசகர் விடாமல் பிடிக்கிற இன்னொரு விஷயம் சரித்திரப் பிழை. தஞ்சைப் பெரிய கோயிலின் அந்தப் பெரிய நந்திக்குப் பின்னால் ராஜராஜன் காலத்து வீரன் ஒளிந்துகொண்டான் என்று ஒரு கதையில் வந்தால் இங்கே யாராவது ஒருவர் எழுந்து, கோயில் 1010இல் குடமுழுக்கு ஆனது, அந்த நந்தி நாயக்கர் காலத்தது என்பார். தாராசுரம் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு, அதற்கு முந்தைய கதையில் அதன் மணி ஒலிக்கக் கூடாது. அரண்மனை விருந்தில் மிளகாய் வந்தால் சமையல் தெரிந்த பெண்கள் பிடித்துவிடுவார்கள், போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இங்கே மிளகாய். இதையெல்லாம் சரிபார்த்து எழுதுங்கள், ஏனென்றால் சில நேரம் குறை சொல்பவர் சறுக்குவார். ‘ஆனி மாசத்துல காவிரில ஏதுங்க வெள்ளம், மேட்டூர் தொறந்தாதானே தண்ணி’ என்று ஒருவர் சொன்னால், அணை முடிந்ததே 1934இல்தான், அதற்கு முன் குடகில் தென்மேற்கு மழை பிடித்ததும் ஆறு தானாகவே வந்தது என்பதைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அவர் கருத்தும் இருக்கட்டும், நாவலாசிரியருக்கும் நியாயம் கிடைக்கட்டும்.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும், முடிந்தால் பெண்ணே பேசுவது நல்லது. மகனோ வீட்டுக்காரரோ பக்கத்தில் இருந்தால் ‘எனக்கென்ன தெரியும், அவரைக் கேளுங்க’ என்று முடித்துக்கொள்வார்கள். கதைப் புத்தகம் படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்று சொன்ன வீடுகள் நிறைய, அரிசிப் பானைக்குப் பின்னாலும் பாடப் புத்தகத்துக்கு நடுவிலும் வைத்துத்தான் காதல் அத்தியாயங்களைப் படித்திருக்கிறார்கள். அத்தை, பெரியம்மா, டீச்சர் என்று அவர்களுக்கு இயல்பான முறை சொல்லி அழைத்து, அவசரப்படாமல் கேட்டால் ஆச்சரியமான கருத்துகள் வரும். நாயகியை நாயகன் குதிரையில் தூக்கிக்கொண்டு போவதைக் காதல் என்று எழுதியிருக்கிறாரே, அவளை ஒரு வார்த்தை கேட்டானா என்று இன்றைய கல்லூரிப் பெண்கள் கேட்பதை, அன்றைக்கே மனதுக்குள் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அங்க வர்ணனை வந்ததும் பக்கம் தள்ளியவர்களும் இருக்கிறார்கள், அதற்காகவே படித்தோம் என்று சிரித்துக்கொண்டு சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் எழுதுங்கள். இளையவர்களிடம் இரண்டு மூன்று அத்தியாயங்களைப் படிக்கக் கொடுத்து அவர்கள் சொல்வதையும் சேர்த்தால் தலைமுறை வித்தியாசம் தானாகத் தெரியும்.

எழுதும்போது ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கணக்குப் போடாதீர்கள். பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம் என்று பிரிக்கவும் வேண்டாம். பாத்திரம் பாத்திரமாக, சம்பவம் சம்பவமாக அடுக்கினால் ஒரே இடத்தைப் பற்றி ஐந்து பேர் எப்படி ஐந்து விதமாகப் பார்த்தார்கள் என்று தெரியும். சொன்னவர் பேச்சை அவர் பேச்சாகவே விடுங்கள், ஏட்டுத் தமிழுக்கு மாற்றினால் உயிர் போய்விடும். நாவல் கிடைக்காதவர்களும் படிப்பார்கள் என்பதால் கதைச் சுருக்கம் ஒரு பத்தி முன்னால் கொடுங்கள், முடிவைப் பற்றிய கருத்துகளைக் கடைசியில் வைத்து அங்கே எச்சரிக்கை போட்டுவிடுங்கள். பெயர் போடலாமா, ஊர் மட்டும் போதுமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

நாவலிலிருந்து நீளமாக எடுத்துப் போடுவதற்கு முன் உரிமையைப் பாருங்கள். ஆசிரியர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடம் தொடங்கி 60 வருடம் பதிப்புரிமை உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்து என்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், கல்கியின் நூல்கள் அப்படி நாட்டுடைமை ஆனவைதான். மற்றபடி ஆசிரியரின் குடும்பத்தைத் தேடிக் கடிதம் எழுதுங்கள். பல குடும்பங்களுக்கு இன்னும் வாசகர் இருக்கிறார்கள் என்பதே தெரியாது, நீங்கள் தொகுத்ததில் ஒரு பிரதியை அனுப்பினால் மறுபதிப்புக்கு அவர்களே முன்வரலாம். பதிப்பாளர் முதலில் கேட்பது எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதைத்தான். அதனால் கருத்து கேட்கப் போகும் வீட்டிலெல்லாம் ‘மறுபடியும் அச்சில் வந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்டு, சரி என்றவர்களின் பட்டியலைத் தனி நோட்டில் வைத்திருங்கள். இப்போதெல்லாம் நூறு பிரதிகூட அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.